தெக்லாவின் சும்மாடு

தொண்ணூற்றெட்டில், ஆப்பிரிக்காவில் தொண்டு செய்யும் ஆசையோடு அயர்லாந்துக்குப் பயிற்சிக்குப் போனாள் காசிமேட்டு தெக்லா. ஏழைகளின் பாடு புரியவேண்டுமாம். ஒரு வாரம் குழாயை மூடிவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சுமக்கச் சொன்னார்கள். கூடப் பயிற்சிக்கு வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாளியோடு தள்ளாடினார்கள். அம்மாவோடு மீன்கூடை தூக்கி வளர்ந்த தெக்லா, துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கி, வாளியைத் தலையில் ஏற்றி விறுவிறுவென நடந்தாள். பயிற்சி கொடுத்த சிஸ்டர் ஆசையாகப் படம் பிடித்தார்.

அடுத்த மாதம் அந்தப் படம் அந்த ஊர் மாதா கோயில் வாசலில், உண்டியலுக்கு மேலே தொங்கியது: 'இந்த ஏழைப் பெண்ணுக்கு உதவுங்கள்.'

தெக்லா அம்மாவுக்கு ஃபோன் போட்டு அழுதாள்.

"தொண்டு செய்யப் போன உன்னையே காட்டி உண்டி குலுக்குறாங்களா? அதுக்கு இன்னாத்துக்குடி ஏரோப்ளேன் ஏறிப் போன? இங்கியே கூடையத் தூக்கினு நின்னிருந்தா, அவங்களே வந்து படம் புடிச்சிகினு போயிருப்பாங்களே!"