வெந்நீர் சிஸ்டர்

கெட்டிலிலிருந்து இரண்டு சொட்டு வெந்நீரை மணிக்கட்டின் உட்புறம் விட்டுப் பார்க்கிறார். முகம் சுளிக்கிறார். கிண்ணத்தில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்து மறுபடி இரண்டு சொட்டு. இப்போது சரி. பெண்களைப் பரிசோதிக்கும் எஃகுக் கருவி அதன் பிறகுதான் அந்தக் கிண்ணத்துக்குள் இறங்கும். "ஜில்லுன்னு வச்சா ஒடம்பு இறுகிப்போயிடும் சார். இறுகிப்போனவ அடுத்த தடவ வரமாட்டா" என்பார். இருபது வருட நர்ஸ். எல்லோருக்கும் அவர் வெந்நீர் சிஸ்டர்.

அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்பு, அதில் ஒரு கிண்ணம் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல். அந்தப் பக்கம் அவரும் பெண்களும். இந்தப் பக்கம் நானும் என் மைக்ராஸ்கோப்பும். கணவருக்கு எச்.ஐ.வி. இருந்து தங்களுக்கு இல்லாத இருபத்து மூன்று பெண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் ஆய்வுக்கு வருகிறார்கள். கருப்பை வாயிலிருந்து பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்து, டியூபில் போட்டு, சிஸ்டர் ஜன்னல் வழியே நீட்டுவார். அதிலுள்ள எதிர்ப்புச் செல்களை நான் எண்ணுவேன். இதைப் பற்றிப் பதினொரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்தச் செல்களின் சொந்தக்காரர் ஒருவரிடமும் "சாப்பிட்டீங்களா" என்றுகூடக் கேட்டதில்லை.

சிஸ்டர் கேட்பார். கேட்டுவிட்டுத் தன் நாத்தனார் கதையை ஆரம்பிப்பார். நாத்தனார் யாரிடமோ சண்டைக்குப் போவாள், பீரோ சாவியைத் தொலைப்பாள், மாமியாரின் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவாள். சரியாகக் குடுமிப்பிடி நேரத்தில் சிஸ்டர், "முடிஞ்சுது, எந்திரிம்மா. மிச்சம் அடுத்த தடவ" என்பார். ஒரு பெண்கூட ஆய்வை விட்டு நடுவில் நின்றதில்லை. ஆண்டறிக்கையில் அதற்குக் காரணம் 'திட்டத்தின் செம்மையான வடிவமைப்பு' என்று நான் எழுதினேன். பிறகொருநாள் அந்த நாத்தனார் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தேன். "எனக்கேது சார் நாத்தனாரு? அவரு ஒத்தப் புள்ள" என்றார்.

ரத்தப் பரிசோதனை முடிவையும் அவர்தான் சொல்வார், அந்தப் பெண்ணிடம் மட்டும், முதலில். "யாரு ஒடம்போ அவங்களுக்குத்தான் மொதல்ல. நீங்க பெறவு." முடிவு சரியில்லாத அன்று நாத்தனார் வாயே திறக்கமாட்டாள். எட்டு வருடத்தில் இரண்டு முறை அப்படி ஆனது. இரண்டு முறையும் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை.

நான் மூன்று பக்கம் எழுதி விளக்குவதை அவர் பெண்களிடம் இப்படிச் சொல்லிவிடுவார்: "போலீஸ் நெறைய நிக்குதுன்னு சந்தோஷப்படாத. இந்தத் திருடன் திருடுறதே போலீஸைத்தான்." சத்தியமான உண்மை. இந்தக் கிருமி நம் உடம்பின் காவலான அந்த எதிர்ப்புச் செல்களுக்குள்தான் குடியேறுகிறது. எங்காவது புண்ணோ எரிச்சலோ இருந்தால் காவல் அங்கே கூடும். கூடினால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

போன முறை வந்த டியூப்களில் காவல் செல்கள் மூன்று மடங்கு. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டாவது கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டேன். அப்போதுதான் சிஸ்டர் தடுப்பைச் சுற்றி என் பக்கம் வந்தார். அவர் அப்படி வருவது அபூர்வம். கையில் நான் அந்த முறைதான் புதிதாகப் பெண்களுக்கு அச்சடித்துக் கொடுத்த துண்டுச்சீட்டு.

"இந்த நாலாவது வரிய யாரு சார் எழுதுனது?"

'பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அந்தரங்க உறுப்பைச் சோப்பிட்டு நன்கு தூய்மை செய்து வரவும்.' நான்தான். ஏதோ அறுவை சிகிச்சைச் சீட்டைப் பார்த்து, சீட்டு நிறைவாக இருக்கட்டுமே என்று சேர்த்தேன்.

"எல்லாருக்கும் உள்ள செவந்து கெடக்கு. பாவம், டாக்டரு எழுதியிருக்காரேன்னு உள்ளுக்குள்ள வரைக்கும் தேச்சிருக்காங்க. தையக்காரம்மா தரை தொடைக்கிற மருந்தக் கலக்கி ஊத்தியிருக்கா. அது தானா சுத்தமாகுற எடம் சார். அதப்போயி..."

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். வெற்றிலை பாக்கு வைக்காத குறையாகக் கிருமிக்கு அழைப்பு அனுப்பிவிட்டு, கூட்டம் சேர்ந்ததைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடியிருக்கிறேன். மற்றவர்களின் கணவர்கள் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுபவர்கள். கிருமி அடங்கிக் கிடந்தது. தையல்காரம்மாவின் கணவர் மட்டும் வெளியூர் வேலையில் இரண்டு மாதமாக மாத்திரையை மறந்திருந்தார். நான் அன்று பயந்ததுபோல் என்றுமே பயந்ததில்லை.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. ஒரு பேனாவை எடுத்து என் முன் வைத்தார். மீதமிருந்த முந்நூறு சீட்டிலும் நாலாவது வரியை நானே அடித்தேன். அதற்குள் அவர் இருபத்து மூன்று வீட்டுக்கும் நேரில் போய், சோப்பைக் கையில் வாங்கிக்கொண்டே பேசிவிட்டு வந்தார். தையல்காரம்மாவுக்குக் கிருமி தொற்றாமலிருக்கத் தடுப்பு மாத்திரை ஆரம்பமானது. அவள் கணவருக்குத் தினமும் காலை எட்டு மணிக்கு சிஸ்டரின் போன். "முழுங்கிட்டேன்னு சொல்லாதீங்க தம்பி. முழுங்குற சத்தம் எனக்குக் கேக்கணும்."

மூன்று மாதம் போனது. மற்றவர்கள் எல்லோரும் வந்து போய்விட்டார்கள். கிருமி யாருக்கும் இல்லை. இன்று தையல்காரம்மாவின் முறை. ரத்தம் எடுத்தாயிற்று. முடிவுக்கு இருபது நிமிடம். நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி இருந்தேன்; கீழே கண்ணாடித் துண்டை வைக்க மறந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். தணிந்த குரலில் சிஸ்டர் ஏதோ சொன்னார். அதன் பிறகு சத்தமே இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அட, கண்ணத் தொடம்மா. இல்லேன்னு வந்ததுக்கா இந்த அழுக? இந்தா, படு. போன தடவ எதுல விட்டேன்? ஆங்... எங்க நாத்தனாரு மாடிப்படியில நிக்கிறா, கையில பூட்டு..."

தையல்காரம்மா அழுகைக்கு நடுவே சிரிப்பது கேட்டது.

சற்றுப் பொறுத்து ஜன்னல் திறந்தது. டியூபை வாங்கக் கை நீட்டினேன். கையுறை கழற்றிய அவர் விரல்கள் ஜில்லிட்டிருந்த என் கையில் பட்டு, அப்படியே ஒரு கணம் நின்றன. டியூபை என்னிடம் விடாமல் ஐஸ் டப்பாவில் தானே வைத்தார். பிறகு கெட்டிலில் மிச்சமிருந்த வெந்நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, தன் மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியே என் பக்கம் நகர்த்தி வைத்தார்.