பெல்ட்டில் படுத்திருந்தவன்

நெய்வேலியில் இன்டர்வியூ கார்டு வந்தவர்களில் சிலர் வடலூர் சபைக்குப் போவார்கள், சிலர் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வார்கள். எந்தப் பக்கம் கும்பிட்டவர்களும் அதற்கடுத்து இருபத்தோராம் பிளாக்கில் சைமன்ராஜ் வீட்டுக்கு வந்தாக வேண்டும். முதல் இரண்டு இடங்களில் தைரியம் கிடைக்கும். பதில் கிடைப்பது மூன்றாவது இடத்தில்தான்.

தொண்ணூறுகளில் இன்டர்வியூக்களுக்கு ஒரு புதுக் கேள்வி வந்து சேர்ந்திருந்தது. அதற்கு முன்பெல்லாம் அப்பா என்ன செய்கிறார், கிரிக்கெட் பார்ப்பதுண்டா என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். யாரோ ஒரு பெரிய அதிகாரி டெல்லிக்குப் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு, "வேலையில் நீங்கள் எடுத்த கடினமான முடிவு ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதுவரை வேலையே கிடைக்காதவர்களிடமும் அதையேதான் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுப்பதில் சைமன்ராஜை மிஞ்ச ஆள் கிடையாது. வேலையில் எந்த முடிவும் எடுக்காமல் இருப்பதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இதில் முரண்பாடு இருப்பதாக டவுன்ஷிப்பில் யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு முந்திய வகுப்பைக் கல்யாணமே ஆகாத பாதிரியார்தானே எடுக்கிறார்.

சைமன்ராஜ் நிர்வாக அலுவலகத்தில் சீனியர் கிளார்க். ஒரு குவார்ட்டர்ஸ் கூரைமேல் புளியமரம் சாய்ந்து நிற்கிறது, வெட்டலாமா என்று கடிதம் வந்தால், "உத்தரவுக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது" என்று எழுதி மேலே அனுப்புவார். மேலே இருந்தவர் அபிப்பிராயம் கேட்டுக் கீழே அனுப்புவார். சைமன்ராஜ், முன்பு இது மாதிரி மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்ற விவரத்தைச் சேர்த்து மறுபடி மேலே அனுப்புவார். ஒரு கார்த்திகைப் புயலில் அந்த மரம் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், நல்லவேளையாகத் தெருப்பக்கம் விழுந்தது. "கோரிக்கை நிறைவேறிவிட்டபடியால் கோப்பு முடிக்கப்படுகிறது" என்று எழுதி வைத்தார். எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பிறக்கும்போதே அவர் இப்படி இல்லை. 1979இல் இருபத்தைந்து வயதில் அவர் சுரங்கத்தில் தொழிலாளிகள் வருகிற நேரத்தைக் குறித்துவைக்கும் டைம்கீப்பராக இருந்தார். கல்யாணமாகி இரண்டு மாதம். ஒருநாள் மழைத் தூறலில், வெளிச்சம் மங்கும் நேரத்தில், மண் சுமந்துபோகும் பெல்ட்டின்மேல் ஒரு ஆள் குப்புறப் படுத்தபடி போவதைப் பார்த்தார். பெல்ட் நெடுக ஒரு கயிறு ஓடும். இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். அதைத் தொட டைம்கீப்பருக்கு அதிகாரம் உண்டா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. ஓடிப்போய் இழுத்தார். ஒரு பெல்ட் நின்றால் அதன் பின்னால் வருவதெல்லாம் வரிசையாக நிற்கும், மண்ணை வெட்டுகிற ராட்சச மெஷின் வரைக்கும். எல்லாம் நின்றது. நாலு பேர் ஏறிப் போய்ப் புரட்டிப் பார்த்தார்கள். ஆள் இல்லை, ரெயின்கோட். யாரோ கழற்றிப் போட்டது, உள்ளே மண் அடைத்துக்கொண்டு மனிதன் மாதிரி உப்பியிருந்தது.

மறுநாள் மெமோ வந்தது. உற்பத்தி நின்றதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். சைமன்ராஜ் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்து, அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அதோடு அவர் முடிவு எடுப்பது நின்றது. எடுத்த ஒன்றும் ஒரு கோட்டுக்காக எடுத்தது என்பதைச் சுரங்கத்தில் எல்லாரும் நாளடைவில் மறந்துவிட்டார்கள்; மறக்காதவள் அவர் மனைவி மேரிசெல்வி மட்டும்தான். வீட்டில் கறி சரியாக வேகவில்லை என்று சைமன்ராஜ் குறை சொன்னால், "கோட்டைக் காப்பாத்தின வீரரு, சாப்புடுங்க" என்பாள்.

முடிவு எடுக்காதவருக்கு முடிவுகளைப் பற்றி யோசிக்க நிறைய நேரம் இருந்தது. மாலையில் அவர் வீட்டு வராந்தாவில் பெஞ்சு நிறையப் பிள்ளைகள் இருக்கும். காசு வாங்க மாட்டார்; சீசனில் பலாப்பழம் கொண்டுவந்து தருவார்கள். அவர் சொல்வார்: கதையில் மேலதிகாரி ஊரில் இருக்கக் கூடாது. இருந்தால் முடிவு அவருடையது ஆகிவிடும். மழை பெய்தால் நல்லது, மழையில் போன் வேலை செய்யாது. முடிவு தப்பாக இருக்கக் கூடாது. ரொம்பச் சரியாகவும் இருக்கக் கூடாது, கேட்கிறவருக்குப் பொறாமை வரும். மேலதிகாரி முதலில் திட்ட வேண்டும், மறுநாள் தட்டிக்கொடுக்க வேண்டும். நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஜெனரேட்டர் கதை வைத்திருந்தார். மற்றவர்களுக்குக் கேன்டீனில் சாம்பார் தீர்ந்துபோன கதை. ஒரே இன்டர்வியூவுக்குப் போகிற இரண்டு பேருக்கு ஒரே கதையைத் தர மாட்டார். ஒரே டிசைன் புடவையை இரண்டு சம்பந்திகளுக்கும் விற்காத ஜவுளிக் கடைக்காரருடைய நாணயம் அது.

1998இல் பொற்கொடி வந்தாள். முத்தாண்டிக்குப்பத்துப் பெண். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. சமூகப் பணியில் முதுகலை முடித்துவிட்டு, ஒரு ஜல்லிக் கிரஷரில் ஒரு வருஷம் வருகைக் கணக்குப் பார்த்திருந்தாள். மனிதவளப் பிரிவில் அதிகாரி வேலைக்குக் கார்டு வந்திருந்தது. சைமன்ராஜ் ஜெனரேட்டரைக் கொடுத்தார். சொல்லும்போது அவளுடைய இடது கண் துடித்தது. சாம்பாரைக் கொடுத்தார். அதற்கும் துடித்தது. பொய் சொன்னால் அந்தக் கண் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது.

வேறு வழியில்லாமல் சைமன்ராஜ் பெல்ட்டை எடுத்தார். அதற்கு முன் யாருக்கும் சொன்னதில்லை. தூறல், மங்கல், குப்புறப் படுத்த ஆள், கயிற்றை நோக்கி ஓடிய ஓட்டம், எல்லாம் சொன்னார். உண்மையானதால் கோர்வை இல்லாமல் சொன்னார். அவள் அசையாமல் கேட்டாள்.

"பெல்ட்டுல யாரு சார் படுத்துக்கினு இருந்தாங்க?"

பெஞ்சில் இருந்த எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ரெயின்கோட் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஒரு தொழிலாளி. அசதியில தூங்கிட்டான்," என்றார் சைமன்ராஜ். உள்ளே மேரிசெல்வி தண்ணீர்க் குடத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

கதையைக் கிரஷருக்கு மாற்றினார்கள். அங்கேயும் பெல்ட் உண்டு. நடந்தது இன்னொருவருக்கு என்றாலும் நடந்தது என்று பொற்கொடி நம்பியதால், அந்தக் கண் துடிக்கவே இல்லை. இன்டர்வியூ குழுவின் தலைவராக இருந்த சங்கரலிங்கம் என்ற பொது மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாராம். வேலை கிடைத்தது. அதோடு விட்டிருக்கலாம். சங்கரலிங்கம் விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் பாதுகாப்பு வாரத்தில் மேடையேறி, "நம்மிடையே ஒரு பெண் அதிகாரி இருக்கிறார்" என்று ஆரம்பித்து அந்தக் கதையைச் சொன்னார். கீழே நாற்காலியில் உட்கார்ந்து சைமன்ராஜும் கைதட்டினார்.

2004இல் கிளார்க்குகளிலிருந்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க இன்டர்வியூ வைத்தார்கள். ஐம்பது வயது தாண்டினால் அப்புறம் கூப்பிட மாட்டார்கள், சைமன்ராஜுக்கு ஐம்பது. இதைவிட்டால் கிளார்க்காகவே ரிட்டயர் ஆக வேண்டியதுதான். மேரிசெல்வி, சர்ச்சைச் சேர்ந்த தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஊருக்கே பதில் சொல்லிக் கொடுத்தவர் தன் பதிலுக்குத் திணறுவார் என்று அவள் நினைத்துப் பார்க்க இடமே இல்லை.

உள்ளே போனதும் சைமன்ராஜ் பார்த்த முதல் முகம் சங்கரலிங்கம். இரண்டாவது முகம், மனிதவளப் பிரிவின் சார்பாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொற்கொடி. அவள் எழுந்திருக்கப் பார்த்து, பிறகு தான் கேள்வி கேட்கிற பக்கம் இருப்பது நினைவு வந்து உட்கார்ந்தாள்.

கேள்வி வந்தது. அது வரும் என்று அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. ஒரு மழை நாள், கேன்டீன் பொறுப்பாளர் ஊரில் இல்லை என்று ஆரம்பித்தார். சங்கரலிங்கம் கையைக் காட்டினார்.

"நான் முடிக்கட்டுமா? சாம்பார் தீர்ந்துபோச்சு. ஷிப்ட் முடிஞ்சு வந்தவங்களுக்கு முதல்ல போடச் சொன்னீங்க. பொறுப்பாளர் திட்டினார், மறுநாள் தட்டிக்கொடுத்தார். சரியா?"

"சரிங்க சார்."

"இதை எத்தனையோ பேர் சொல்லிட்டாங்க மிஸ்டர் சைமன்ராஜ். அதுல ஒருத்தர் கேன்டீன்ல சாப்பிட்டதே இல்லையாம்."

சைமன்ராஜ் ஜெனரேட்டரைத் தொட்டார். அதில் டீசல் இல்லை என்பது வரைக்கும் சங்கரலிங்கத்துக்குத் தெரிந்திருந்தது. பத்து வருஷமாக இன்டர்வியூ எடுப்பவர். சைமன்ராஜின் கையிருப்பு மொத்தமும் அவர் காதுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

"யாரும் சொல்லாதது ஒண்ணு சொல்லுங்க," என்றார் சங்கரலிங்கம், எரிச்சல் இல்லாமல். "உங்க சொந்த அனுபவம். இருபத்தஞ்சு வருஷத்துல ஒண்ணாவது இருக்கும்ல?"

ஒன்று இருந்தது. அந்த ஒன்றில் வந்த பெல்ட் இப்போது பொற்கொடியுடையது. சொன்னால் சங்கரலிங்கம் இரண்டாவது வாக்கியத்திலேயே நிமிர்ந்து உட்காருவார், மூன்றாவது வாக்கியத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பார். பொற்கொடி குனிந்து எதையோ எழுதுவது போல இருந்தாள், பேனா நகரவில்லை. மேலதிகாரியிடம் கேட்க வழியில்லை, அவர் எதிரில்தான் இருக்கிறார். நேரமும் இல்லை. வெளியே தூறல்கூட இருந்தது. சைமன்ராஜ் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த லட்சணங்கள் எல்லாம் பொருந்திய ஒரு கடினமான முடிவு, அவர் வாழ்க்கையில் அந்த நாற்காலியில்தான் முழுசாக வந்து வாய்த்தது. அதைச் சொல்லி மார்க் வாங்கத்தான் முடியாது.

"இல்லைங்க சார்," என்றார். "நான் முடிவே எடுத்ததில்லை."

சங்கரலிங்கம் பேனாவை எடுத்தார். நேர்மையைப் பாராட்டுவதாகச் சொன்னார். பாராட்டிவிட்டு மார்க்கைக் குறைத்துப் போட்டார். முடிவெடுக்கும் திறன் என்று அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது.

ரிசல்ட்டில் பெயர் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சைமன்ராஜ் நடந்ததைச் சொன்னார். மேரிசெல்வி முறத்தைக் கீழே வைத்தாள்.

"கோட்டுக்காக அன்னிக்கு மெமோ வாங்குனீங்க. அதே கோட்டுக்காக இன்னிக்குப் பிரமோஷனும் போச்சா?"

அப்படிப் பார்த்தால் அப்படித்தான் என்று சைமன்ராஜ் ஒத்துக்கொண்டார். அன்பியத்தில் இனி என்ன சொல்வது என்று அவள் கேட்டாள். அதற்கு அவரிடம் கதை இல்லை. இரண்டு நாள் அவள் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருந்தால் சோறு போட்டிருக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அதையும் திட்டுகிற குரலில்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பொற்கொடி வந்தாள். பலாப்பழத்தோடு வந்தாள், அந்தப் பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்தாள்.

"ஏன் சார் சொல்லல?"

"எதைம்மா?"

"உங்க பெல்ட்டை."

"அது இப்ப உன்னுதும்மா."

அவள் பலாப்பழத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அன்று இன்டர்வியூவில் தானே எழுந்து சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது, வீட்டை நினைத்து விழுங்கிவிட்டேன் என்றாள். விழுங்கியது நல்லது, இல்லாவிட்டால் உன் பேரில் ஒன்று, என் பேரில் ஒன்று என்று இரண்டு விசாரணைக் கோப்பு ஓடியிருக்கும் என்றார் சைமன்ராஜ். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்:

"ஒரு உசுரைக் காப்பாத்தியிருக்கீங்க சார். அது ஒண்ணு போதுங்க. அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"ரிட்டயர் ஆயிட்டாரு," என்றார் சைமன்ராஜ். மேரிசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

அடுத்த மார்ச் மாதம் பாதுகாப்பு வாரம் வந்தது. சங்கரலிங்கம் மேடையேறினார். கதை அந்த வருஷம் நன்றாக வளர்ந்திருந்தது. பெல்ட்டில் படுத்திருந்தவனுக்கு மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மூத்தவள் டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள் என்றார். முன்வரிசையில் பொற்கொடி நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது கண் துடித்ததா என்று பின்வரிசையிலிருந்து தெரியவில்லை.

எல்லாரும் தட்டுவதற்கு முன்னால் சைமன்ராஜ் கைதட்ட ஆரம்பித்தார். மண் அடைத்த ஒரு கோட்டுக்குக் குடும்பம் ஆகி, பிள்ளைகள் படித்து முன்னுக்கு வருவதில் அவருக்கு மனப்பூர்வமான சந்தோஷம்.