சாவன்று அடித்த கரக மேளம்

போன கார்த்திகை மாதம் ஒரு காலையில் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கிற வரிசை வீட்டு லயத்தின் பீலியில் தண்ணீர் சிவப்பாக வந்தது. மலையிலிருந்து குழாய் வழியாக வருகிற தண்ணீர் அது. குடிப்பதும் குளிப்பதும் அதில்தான். பல நாளாக விடாத மழை. கொழுந்து எடுக்க யாரும் போகவில்லை. நானுஓயாவுக்குப் போகிற பாதையும் மூடிவிட்டது.

என் வீட்டுக்காரர் முருகையாதான் தோட்டத்துக்குத் தண்ணிக்காரர். மேலே இருக்கிற தொட்டியையும் குழாயையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சிவப்புத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார். “தொட்டிக்கு மேல எங்கயோ சரிஞ்சிருக்கு மல்லிகா. பாத்துட்டு வந்துர்றேன்” என்று சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறிவிட்டார்.

வீட்டில் கமலா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கமலா அவருடைய தங்கச்சி. தாய் செத்த பிறகு எங்கள் கையில் வளர்ந்தவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவள்தான் பிள்ளை. “அண்ணி, மா முடிஞ்சிருச்சு. அண்ணன் பசியோட வருவாரு” என்றாள். சரி என்று குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடை வாசலில் நின்றபோது அந்தச் சத்தம் கேட்டது. லொறி நிறையக் கல்லைக் கொட்டியது மாதிரி ஒரு சத்தம், ஆனால் நிற்கவே இல்லை. ஓடி வந்து பார்த்தால் எங்கள் லயத்தில் பாதி இல்லை. கோடி வீடு இல்லை. எங்கள் வீடு இல்லை. பீலி இருந்த இடத்தில் மண்ணும் தேயிலைச் செடியும் வேரோடு குவிந்து கிடந்தன. தொட்டிக்கு ஏறுகிற பாதையும் அதோடு போய்விட்டது.

கமலாவை அன்று பின்னேரம் எடுத்தார்கள். கையில் மா ஒட்டியிருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து இரண்டு வீட்டுச் சனங்களும் மண்ணோடு போய்விட்டார்கள். மிஞ்சின எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். முருகையாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாங்கள் பொம்பளைகள் சரிவுக்கு இந்தப் பக்கம் நின்று கூவிப் பார்த்தோம். மலையில் பனி மூடினால் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவள்கூடக் கண்ணுக்குத் தெரியமாட்டாள். அப்போது ஒருத்தி ‘ஹோ’ என்று குரல் கொடுப்பாள், இன்னொருத்தி திருப்பிக் கொடுப்பாள். அந்த மாதிரித்தான் கூவினோம். மழைச் சத்தத்தில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் இராணுவத்துப் பையன்கள் வந்தார்கள். மேலே மண்ணில் இன்னும் வெடிப்பு இருக்கிறதாம், மழை விடும்வரை யாரும் ஏறக்கூடாதாம். நான் ஏறப் பார்த்தேன். ஒரு பையன் கையைப் பிடித்துக்கொண்டு “எபா அக்கே, எபா” என்றான். வேண்டாம் அக்கா என்று சிங்களத்தில் கெஞ்சினான். அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவனை என்ன சொல்லித் திட்டுவது?

மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. பனி மட்டும் இறங்கிக் கிடந்தது. கமலாவையும் மற்றவர்களையும் அடக்கம் செய்ய மேட்டுக்குத் தூக்கினார்கள். பெரியசாமி அண்ணன் தப்பு மேளம் அடித்துக்கொண்டு முன்னால் போனார். எங்கள் தோட்டத்தில் பிறப்பு, இறப்பு, திருவிழா எதுவானாலும் அவருடைய தப்புதான். என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போன பெண்கள், “ஒங்க வீட்டுக்காரரையும் நெனச்சு அழுதுரு மல்லிகா, நெஞ்சுல வைக்காத” என்றார்கள். அந்த வார்த்தைதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் கையை உதறிவிட்டுக் கீழே ஓடினேன்.

எங்கே ஓடினேன்? மாரியம்மன் கோயிலுக்கு. கோயில் பூட்டிக் கிடந்தது. தோட்டத்தில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை திறக்கமாட்டார்கள். அதுவும் நான் சாவு வீட்டுக்காரி, வாசலை மிதிக்கவே கூடாது. மிதித்தேன். கம்பிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். என்னைத் தோட்டத்தில் வாய்க்காரி என்பார்கள். அந்த வாயை அன்றைக்கு அம்மன் மேலேயே திறந்துவிட்டேன்.

“ஏண்டி ஆத்தா, புள்ளைய எடுத்துக்கிட்ட, சரி. அவரையும் எடுத்துக்கிட்டியா, இல்லையா? அதையாவது சொல்லு! வருசா வருசம் ஆத்தங்கரையிலிருந்து தப்படிச்சுக் கூப்பிட்டாத்தான் கரகத்துல ஏறி வர்ற. இன்னைக்கு நான் வெறும் வாயால கூப்பிடுறேன். மேளம் இல்லைன்னா ஒனக்குக் காது கேக்காதா?”

சொல்லிவிட்டு அழுகை வற்றிப்போய் அப்படியே நின்றேன். என் சத்தம் நின்றதும் வேறு சத்தம் கேட்டது. மேட்டில் பெரியசாமி அண்ணன் அடிக்கிற சாவு அடி. பனிக்குள் அவ்வளவு தூரத்திலிருந்து ஒவ்வொரு அடியும் தெளிவாக விழுந்தது.

அப்போதுதான் எனக்குப் பட்டது. இது எனக்கே இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே, அவர் மலையில் எங்காவது உயிரோடு கிடந்தால் அவருக்கும் கேட்குமே. அவர் வருசா வருசம் கரகத்துக்கு முன்னால் ஆடுகிற ஆள். எந்த அடி எதற்கென்று அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். லயத்தின் மேல் மண் சரிந்ததையும் அவர் பார்த்திருப்பார். இந்தச் சாவு அடியைக் கேட்டால் என்ன நினைப்பார்? எங்களைத்தான் புதைக்கிறார்கள் என்று நினைக்கமாட்டாரா?

அந்த நினைப்பு என்னுடையது இல்லை. அம்மன் கேட்டுக்குப் பின்னாலிருந்து கொடுத்தது. நான் அப்படித்தான் நம்புகிறேன், சாகும்வரை நம்புவேன்.

மேட்டுக்குத் திரும்ப ஓடினேன். குழி இன்னும் மூடவில்லை. பெரியசாமி அண்ணனின் கையைப் பிடித்து, “அண்ணே, சாவு அடிய நிறுத்துங்க. சரிவுக்குப் பக்கத்துல வந்து கரகத்துக்கு அடிக்கிறத அடிங்க” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தங்கச்சி, ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா? புள்ளைய குழிக்குள்ள வச்சிக்கிட்டு கரக அடியா?”

சொந்தங்களெல்லாம் என் மேல் பாய்ந்தார்கள். பூசாரி ஐயாவும் அங்கே நின்றார். “காப்புக் கட்டாம, கொடி ஏத்தாம அத அடிக்கக் கூடாதும்மா. தோட்டத்துக்கே ஆகாது” என்றார்.

“தோட்டத்துக்கு இதுக்கு மேல என்னய்யா ஆகணும்?” என்று கேட்டேன்.

கமலாவுக்கு நானே முதல் பிடி மண் போட்டேன். “பொறுத்துக்கடி, ஒங்கண்ணனுக்காகத்தான்” என்று அவளிடமும் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் பெரியசாமி அண்ணன் குச்சி பொறுக்கிக்கொண்டிருக்கிறார். ஈரத்தில் தப்புத் தோல் தொய்ந்துவிடும், நெருப்பில் காட்டினால்தான் சத்தம் எழும்பும். காய்ந்த விறகு ஏது? உடைந்த லயத்துக் கதவைப் பிளந்து கொண்டுவந்தார்கள். எந்த வீட்டுக் கதவோ தெரியாது. அதில் தீ மூட்டித் தோலைக் காய்ச்சினார். என்னைத் திட்டிய அதே சொந்தங்கள் தீயைச் சுற்றிக் குடை பிடித்தார்கள்.

சரிவின் ஓரத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதற்கு மேல் போகக் கூடாது என்று இராணுவத்துப் பையன் தடுத்தான். அதிலேயே நின்று பெரியசாமி அண்ணன் அடித்தார். ஆற்றங்கரையில் கரகம் சோடித்துத் தலையில் தூக்கும்போது அடிப்பாரே, அந்த அடி. கேட்டாலே கால் சும்மா நிற்காது. அன்று எல்லாரும் அழுதுகொண்டு நின்றோம். அடித்து நிறுத்தினார். ஒன்றும் இல்லை. மறுபடி அடித்தார். ஒன்றும் இல்லை. தப்பைக் கீழே இறக்கினார். “அடிங்கண்ணே, நிறுத்தாதீங்க” என்று காலைப் பிடித்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார்.

நிறுத்தியபோது பனிக்குள்ளிருந்து வந்தது. “ஹோ…”

ஐயோ, அந்தக் குரல்! கம்மிப்போய், பாதி காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் எனக்குத் தெரியாதா? நான் திருப்பிக் குரல் கொடுத்தேன். பெண்கள் எல்லாரும் கொடுத்தார்கள். இராணுவத்துப் பையன்கள் பக்கத்துத் தோட்டத்து வழியாகச் சுற்றி ஏறி அவரைக் கயிறு போட்டு இறக்கினார்கள். சரிவுக்கு அந்தப் பக்கம், பெயர்ந்து விழுந்த தொட்டிச் சுவரில் கால் மாட்டிக் கிடந்தாராம்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். கமலா எங்கே என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. வெகுநேரம் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

பிறகு ஒருநாள் அவரே சொன்னார். “மொத நாளு கத்திக் கத்திப் பாத்தேன். மறுநா காலையில சாவு அடி கேட்டுச்சு. ஒங்க ரெண்டு பேரயும் கொண்டு போறாங்கன்னு நெனச்சேன். இனி யாருக்காகக் கத்துறதுன்னு சாக்க மூஞ்சில இழுத்துப் போட்டுக்கிட்டேன். அப்புறம் திடீர்னு கரக அடி கேக்குது. இதென்னடா, சாவு நடக்கிற தோட்டத்துல கரகமான்னு யோசிச்சேன். அடுத்த நிமிசமே தெரிஞ்சிருச்சு, எம் பொண்டாட்டி உசுரோட இருக்கா. இந்த அநியாயத்த அவளத் தவிர எவ பண்ணுவா?”

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்துவிட்டார். அந்த மழைக்குப் பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வீடு இன்னும் வரவில்லை, தகரக் கொட்டகையில்தான் இருக்கிறோம். மழை வலுத்தால் நான் எழுந்து வந்து மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ரொட்டி தட்டும்போது கமலா ஞாபகம் வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்த நாளும் உண்டு. ஆனால் நான் மறுபடி மலைக்கு ஏறிக் கொழுந்து எடுக்கிறேன். அவர் கொட்டகை வாசலில் உட்கார்ந்து தோட்டத்துக்கே குடை தைத்துக் கொடுக்கிறார். முன்பெல்லாம் நான் பேசினால் காதைப் பொத்திக்கொள்வார். இப்போது நான் பேசாமல் இருந்தால், “என்னாச்சு, ஒடம்புக்கு முடியலயா?” என்று கேட்கிறார்.

இவ்வளவு சாவு விழுந்த வருசத்தில் திருவிழா வேண்டாம் என்றுதான் முதலில் பேசினார்கள். வைக்கத்தான் வேண்டும் என்று எழுந்து சொன்னது யார் தெரியுமா? அன்றைக்கு ஆகாது என்ற அதே பூசாரி ஐயா. “நாம காப்புக் கட்டாமலே ஆத்தா வந்துட்டுப் போனா. இப்ப முறையா அழைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?” என்றார்.

பங்குனியில் கரகம் வந்தது. வருசா வருசம் கமலா தூக்குகிற முளைப்பாரியை இந்த முறை நான் தூக்கினேன். லயம் இருந்த இடத்துக்கு வந்ததும் கரகத்தை நிறுத்தினார்கள். அந்த மண்ணில் இப்போது புல் முளைத்திருக்கிறது. என் வீட்டுக்காரர் பாறைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ஊன்றுகட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு. இனிமேல் அவரால் ஆட முடியாதே என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியசாமி அண்ணன் அவரைப் பார்த்துக்கொண்டே அதே அடியை எடுத்தார். அடித்து நிறுத்தினார். நாற்காலியிலிருந்து அவர் ‘ஹோ’ என்று குரல் கொடுத்தார். இந்த முறை கம்மல் இல்லை, நல்ல முழுக் குரல். மலை முழுக்க நின்ற பெண்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அம்மன் கரகத்தோடு அங்கேயே ஆடினாள்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது மண்ணுக்கு அந்தப் பக்கம் கிடக்கலாம். வெளியே கேட்கிறது உங்கள் சாவு மேளம்தான் என்று முகத்தை மூடிக்கொண்டிருக்கலாம். மூடாதீர்கள். அம்மனைக் கூப்பிடுங்கள். அழகாகக் கூப்பிட வராவிட்டால் என்னை மாதிரித் திட்டிக் கூப்பிடுங்கள், அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். பதில் எந்த மேளத்தில் வருமோ தெரியாது. காதை மட்டும் திறந்து வையுங்கள், கேட்டதும் ஒரு குரல் கொடுங்கள்.