தெசிரே

எங்கள் ஊரில் ‘அண்ணாமலை’ என்று கூப்பிட்டால் ஆட்டோ ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். பெண்ணென்றால் உண்ணாமலை, தீபா, ஜோதி. அதைத் தாண்டி யாரும் பெரிதாக யோசித்ததில்லை. இப்படிப்பட்ட ஊரில் என் தங்கைக்கு மட்டும் தெசிரே என்று பிரெஞ்சுப் பெயர். கேட்பவர்கள், நாங்கள் மதம் மாறிவிட்டோமா என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். அட, அதெல்லாம் ஒன்றுமில்லை. அந்தப் பெயரை வைத்தவள், அடி அண்ணாமலைக் கிராமத்தை விட்டு அதிகம் வெளியே போகாத என் அத்தை.

செங்கம் ரோட்டை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்பா ஆட்டோ ஓட்டினார். மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். தங்கை பிறந்த வருடம் மாடியில் இருந்தவர் நரைத்த தலையும் காட்டன் புடவையுமாக ஒரு பிரெஞ்சு அம்மா. அவர் புடவை கட்டியிருக்கும் லட்சணத்தைப் பார்த்தால் எந்த நேரத்தில் அவிழுமோ என்று நமக்குத்தான் பயமாக இருக்கும். என் அரைகுறை ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்க ஊரிலேயே அவர் ஒருவர்தான் என்பதால், பள்ளி விட்டதும் மாடியில்தான் கிடப்பேன்.

அக்கா, நான், மூன்றாவதாகவும் பெண். குழந்தையோடு அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. பெயர் வைக்கும் உரிமை அப்பாவின் அக்காவுக்கு. வெற்றிலையால் குழந்தையின் காதை மறைத்துக்கொண்டு அவள்தான் பெயரைச் சொல்ல வேண்டும், சொன்னால் சொன்னதுதான். பெயர் வைப்பதற்கு முந்தின நாளே வந்து இறங்கிய அத்தை, தண்ணீர் குடித்த கையோடு முடிவைச் சொல்லிவிட்டாள்.

“வேண்டான்னு வச்சிடலாம். அடுத்தது பையன்தான்.”

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இது வழக்கம். பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால் கடைசிப் பெண்ணுக்கு ‘வேண்டா’ என்று பெயர் வைப்பார்கள். சாமி புரிந்துகொண்டு அடுத்ததைப் பையனாக அனுப்புமாம். அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“இன்னாத்துக்கு மூஞ்சத் திருப்பிக்கிற? எம் பேரு இன்னா? வேண்டா. எனக்கப்புறம்தான உம் புருசன் பொறந்தான்? பேரு பலிச்சிதா இல்லியா?” என்றாள் அத்தை.

அத்தைக்கு அத்தை என்பதைத் தவிர வேறொரு பெயர் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அப்பாவையே வரவழைத்த பெயர் என்றால் சும்மாவா! எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அம்மா ஏன் அழுகிறாள் என்றுதான் விளங்கவில்லை.

சாயங்காலம் பிரெஞ்சு அம்மா தானே பின்னிய கம்பளிச் சட்டையோடு இறங்கி வந்தார். எங்கள் ஊர் வெயிலுக்குக் கம்பளிச் சட்டை! என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். நானும் பெருமையாகச் சொல்லி, அர்த்தத்தையும் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. தரையில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

“இன்னாடி சொல்றா?” என்றாள் அத்தை.

“அவங்க பேரு தெசிரேவாம். வேணும் வேணும்னு ரொம்ப நாள் ஆசப்பட்டுப் பெத்த புள்ளைக்கு வைக்கிற பேராம். லத்தீன்னு ஒரு பழைய பாஷையிலேர்ந்து வந்துதாம்.”

“பொண்ணுக்கா?”

“பொண்ணுக்குத்தான் அத்தை.”

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இவ ஒருத்திக்குத்தானா, வேற யாருக்காச்சும் வச்சாங்களா?”

“ஒரு காலத்துல ஜாஸ்தியா வச்சாங்களாம். இப்ப ரொம்பக் கம்மியாம். கெழவிங்களுக்குத்தான் இருக்குதாம்.”

“ஏன், இப்ப அவங்க ஊர்லயும் பொண்ணு வேணாமாமா?”

இதை நான் மொழிபெயர்த்ததும் பிரெஞ்சு அம்மா சிரித்துவிட்டார். துணிமணி மாதிரி பெயருக்கும் ஒரு ஃபேஷன் உண்டு, வரும் போகும் என்றார். அத்தை சிரிக்கவில்லை. அப்போதுதான் அம்மா, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்: “அண்ணி, உங்கள அப்படிக் கூப்ட்டப்ப உங்களுக்கு எப்படி இருந்துது?”

அத்தை எழுந்துபோய், ஏற்கெனவே துலக்கி வைத்திருந்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி எடுத்துப் போட்டுத் துலக்கினாள்.

மறுநாள் காலையில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். குழந்தையை மடியில் வாங்கி, வெற்றிலையை வைத்துக் குனிந்த அத்தை நிமிர வெகுநேரமானது. “இன்னாக்கா, பேரச் சொல்லு” என்றார் அப்பா.

“தெசிரே.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாதான் மென்று விழுங்கி, “அப்ப பையனு?” என்றார்.

“வந்தா வரட்டும். வராட்டிப் போவட்டும். உம் பொண்ணப் புடிடா.”

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை என்னை மாடிப்படிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். கையில் அதே வெற்றிலை. தன் காதோரம் அதை வைத்துக்கொண்டு என் உயரத்துக்குக் குனிந்தாள்.

“அந்தப் பேர எங் காதுல ஒருவாட்டி சொல்லுடி.”

“தெசிரே.”

“இன்னொருவாட்டி.”

சொன்னேன். அத்தை கண்ணை மூடியபடி அப்படியே நின்றாள். இத்தனை பேர் முன்னால் இவளே சத்தமாகச் சொன்ன பெயர், அதற்குள் மறந்துவிட்டதே, பாவம், வயதாகிவிட்டது என்று எனக்கு அத்தைமேல் இரக்கமாக இருந்தது. மறக்காமலிருக்கட்டும் என்று இன்னும் ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டு, கேசரி தீர்ந்துவிடப் போகிறதே என்று பந்திக்கு ஓடினேன்.