சேப்பாக்கத்தில் அத்தா உட்கார்ந்த இடம்

சேப்பாக்கம் மைதானத்தைப் பற்றி என் அத்தா சொல்லும் ஒரு கதையை நான் வெகுகாலம் நம்பவில்லை.

பாகிஸ்தானுடன் டெஸ்ட். இருபதுக்கும் குறைவான ஓட்டங்கள்தான் வேண்டும் என்ற நிலையில் இந்தியாவின் விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்து, ஆட்டம் தோற்றுப்போனது. கொஞ்ச நேரம் மைதானத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லையாம். பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று, ஜெயித்தவர்களுக்குக் கைதட்டியதாம். கூட்டம் கைதட்டியது ஊரறிந்த விஷயம். என் சந்தேகம் அதில் இல்லை. "என் கண்ணால பாத்தேன்" என்று அத்தா முடிப்பாரே, அதில்தான்.

புதுச்சேரி முல்லா வீதிக்குப் பக்கத்தில் எங்கள் கைலிக் கடை. மேட்ச் நாளில் யாராவது சிரித்துக்கொண்டே, "இன்னா பாய், இன்னிக்கு நீ யார் பக்கம்?" என்று கேட்பார்கள். அத்தாவும் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார். இந்தியா முதல்முதலாக டெஸ்ட் ஜெயித்த மைதானம் அது. இரண்டு பக்க ஓட்டமும் சமமாக நின்று ஆட்டம் முடிந்த அதிசயம் நடந்ததும் அங்கேதான். பக்கத்திலேயே நவாபின் அரண்மனை. கடைசியில் கைதட்டல் கதை. கேட்டவர் கைலியைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

நான் கோரிமேட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே ஆளின் ரத்தம் இரண்டு தடவை இரண்டு விதமாக முடிவு காட்டினால் மூன்றாவது தடவை எடுக்கச் சொல்வேன். அத்தா ஒருமுறை வாலாஜா சாலைப் பக்கம் உட்கார்ந்ததாகச் சொன்னார். இன்னொரு முறை ரயில் பாலத்துப் பக்கம் என்றார். அம்மாவிடம் கேட்டேன். "அன்னிக்கு டிக்கெட் ஒண்ணுதானே கெடச்சுது" என்றவள், சட்டென்று நிறுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கூடப் போனவர் அத்தாவின் பள்ளித் தோழர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற இந்துக் குடும்பம். அவர் பாரீஸ் பக்கம் குடியேறிப் பல வருடம் ஆகிறது. ஒரே சாட்சியும் அவ்வளவு தூரத்தில் இருப்பது எனக்கு ரொம்ப வசதியாகத் தோன்றியது. அத்தாவுக்கு வசதி.

சென்ற முறை சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தபோது இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். அத்தா சந்தோஷப்படவில்லை. முதலில் முட்டி வலி என்றார். பிறகு கடையை யார் பார்ப்பது என்றார். என் சந்தேகம் கெட்டியானது. விடியலில் பஸ் ஏறினோம். காலாப்பட்டு தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தவர், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மைதான வாசலில் போலீஸ்காரர் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, அத்தாவின் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். எல்லோரையும் அப்படித்தான் பார்த்தார். ஆனாலும் அத்தாவின் முகம் இறுகிப்போனது. உள்ளே படி ஏறி, பச்சைப் புல்வெளி கண்ணில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் இடித்தும் நகரவில்லை. அது பார்த்த இடத்தைத் திரும்பப் பார்க்கும் முகமல்ல.

உட்கார்ந்ததும் கேட்டேன். "அத்தா, நீங்க அன்னிக்கு உள்ளயே வரல, இல்ல?"

பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார். "வரல. டிக்கெட்ட அவன்கிட்ட குடுத்துட்டு வெளிய டீக்கடையாண்ட நின்னேன். ரேடியோ ஓடுச்சு. விக்கெட்டு உழ உழ, பக்கத்துல நின்னவன் என்னையே பாக்குற மாதிரி இருந்துது. எந்த ஊரு, பேர் இன்னான்னு கேட்டான். பயந்துட்டேன். என் ஃப்ரெண்டு பேரச் சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"தோத்துட்டோம். கலாட்டா வரும், ஓடிடலாம்னு பாக்குறேன், உள்ள கைதட்டுறாங்க. நிறுத்தவே இல்ல. யாருக்குன்னு கேட்டேன். அவங்களுக்குத்தான்னு சொல்லிட்டு அந்த ஆளும் கைதட்டுனான்மா. நான் அவன்கிட்ட போயி பொய்ப் பேரச் சொல்லிட்டு நிக்கிறேன்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காதால கேட்டேன்னு சொன்னா நம்ம கடையில எவன் நம்புவான்? அதான் பாத்தேன்னு சொன்னேன்."

பொய்யைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. இத்தனை வருடம் நான் தவறான இடத்தையே சந்தேகப்பட்டிருக்கிறேன். கடைக்கு வந்தவர்களின் அந்தச் சிரிப்பை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

இருந்தாலும் வழக்கம் விடவில்லை. இதுவாவது உண்மையா? உணவு இடைவேளையில் அத்தாவே பாரீஸ் நண்பரை வீடியோவில் அழைத்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எங்க இருக்கேன் பாரு" என்று போனை மைதானத்தின் பக்கம் திருப்பினார்.

"உள்ள போயிட்டியாடா!" என்று அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

"ஒண்ணு சொல்லணும்டா. அன்னிக்கு டீக்கடைல ஒருத்தன் பேர் கேட்டான். உன் பேரச் சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல? பஸ்ல அவ்ளோ நேரம் பக்கத்துலதானே உக்காந்துகினு வந்தேன்."

"வெக்கமா இருந்துது."

"போடா. உன்கிட்டேர்ந்து அந்த டிக்கெட்ட நான் வாங்கியிருக்கக் கூடாது" என்றார் நண்பர். பிறகு இருவரும் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வீரர்கள் திரும்ப உள்ளே வந்தும் போனை வைக்கவில்லை. அத்தா போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பந்துக்குப் பந்து அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கை வலித்தபோது நான் வாங்கிப் பிடித்தேன்.