இருபத்தொன்றாம் பக்கம்

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் நூலகராக இருந்தவள் நான். கலியாணம் கட்டித் திருவனந்தபுரத்துக்கு வந்து மூன்று வருடம் கழித்துத்தான் திரும்பவும் ஒரு புத்தக அலமாரியின் சாவி கையில் கிடைத்தது. போன இடமெல்லாம் என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மலையாளம் எழுத வருமா என்று கேட்டுத் திருப்பித் தந்தார்கள். நாடு புதிது, சான்றிதழ் பழையது, யாரை நோவது? கடைசியில் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாசகசாலை என்னை எடுத்தது.

அதன் செயலாளர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். "அக்ரஹாரத்துலே தமிழ் வாசிக்கறவா இப்பவும் உண்டு, கேட்டேளா. புஸ்தகம் கொண்டு கொடுக்கத்தான் ஆளில்லை. மூணு மாசம் பார்ப்போம். பின்னெ கமிட்டி தீருமானிக்கும்" என்றார். இது போனால் இந்த நாட்டில் இன்னொரு நூலகம் எனக்குக் கதவு திறக்காது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

முதல் வாரம் அலமாரிகளை ஒழுங்குபடுத்தச் சொன்னார். தமிழ்க் கதைப் புத்தகம் ஒன்றை விரித்தேன். இருபத்தொன்றாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி, ஒரு முக்கோணம், ஒரு குட்டி விளக்கு. அடுத்த புத்தகத்திலும் அதே பக்கம், அதே கூத்து. ஏன் இருபத்தொன்று? யார் வரைகிறார்கள்? அறிய ஆவல்தான். ஆனால் புத்தகத்தில் கிறுக்குகிறவன் கோயில் சுவரில் துப்புகிறவன் மாதிரி என்று படித்து வளர்ந்தவள் நான். நல்ல அழிறப்பராக நான்கு வாங்கி, ஒரு வாரம் உட்கார்ந்து அத்தனையையும் தேய்த்துத் தள்ளினேன். போதாததற்கு, 'புத்தகத்தில் எழுதுவது குற்றம்' என்று ஒரு பலகையும் மாட்டினேன். பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான்.

அடுத்த வாரம் பையில் புத்தகங்களோடு வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டு மாமி புத்தகத்தை வாங்கியதும் கதையைப் பார்க்கவில்லை, நேரே இருபத்தொன்றாம் பக்கத்துக்குப் போனாள். பிறகு நாலு வரி வாசித்தாள். முகம் மாறியது.

"இது நான் வாசிச்சாச்சே! என் புள்ளியை எங்கே காணோம்?"

"என்ன புள்ளி மாமி?"

"நாங்க வாசிச்சு முடிச்சா இருபத்தொண்ணாம் பக்கத்துலே அடையாளம் போடுவோம், எல்லாத்துலேயும் ஒரே பக்கம்னா தேட வேண்டாம் பாரு. ஆத்துக்கு ஒண்ணு. முன்னாடி இருந்த லைப்ரேரியன் அதைப் பார்த்துட்டுத்தான் பையிலேயே வைப்பா. வயசான காலத்துலே கதையோட பேரெல்லாம் யாருக்கு நினைவிருக்கு?"

அடுத்த வீட்டில் விளக்குக்காரி, அதற்கடுத்த வீட்டில் முக்கோணம். "யாரு அழிச்சா?" என்று மூன்று வீட்டிலும் கேட்டார்கள். மூன்று வீட்டிலும் நான்தான் என்று சொன்னேன். வெட்கத்தில் காது சுட்டது. இரண்டு மாமிகள், இனி புத்தகமே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

அன்றைக்கு வாசகசாலைக்குத் திரும்பியதும் மூளை கொஞ்சம் வேலை செய்தது. ஒவ்வொரு புத்தகத்தின் பின் அட்டைப் பையிலும் ஓர் இரவல் அட்டை இருக்கிறதே! யார், எப்போது எடுத்தார் என்று அதில் இருக்கும். அட்டைகளைப் பார்த்துப் பட்டியல் எழுதி, அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி தெருவில் இறங்கினேன். எடுத்ததெல்லாம் வாசித்ததாகுமா? அதனால் அவரவர் குறி எது, எதை வாசித்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"இது எடுத்தேன், தொடலை." "இதுலே அவ செத்துப் போயிடுவா, பாதியிலே மூடிட்டேன்." "இதை மூணு தடவை வாசிச்சேன், ஆத்துக்காரர்ட்ட சொல்லிடாதே." சாத்திய கதவுகளும் திறந்தன. எனக்கோ கேட்கக் கேட்க அலுக்கவில்லை. யாருக்கு எந்தக் கதை, எந்த இடத்தில் மூடினார், ஏன் மூடினார்? பதினொரு வருடம் மேசைக்குப் பின்னால் இருந்தும் ஒரு வாசகரிடம் நான் இதைக் கேட்டதில்லை. கேட்டுவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அழித்த இடத்திலேயே பென்சிலால் ஒவ்வொன்றாக வரைந்தேன்.

மூன்றாம் மாதம் கமிட்டி கூடியது. செயலாளர் மேசையில் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்தார். என் கெட்ட காலம், நேராக இருபத்தொன்றாம் பக்கத்துக்குப் போனார். வரிசையாகப் புதுப் பென்சில் குறிகள், எல்லாம் ஒரே கை. அவர் தலைக்கு மேலே என் பலகை தொங்கியது.

"இது யாரு எழுதினது?"

"நான்தான் சேர். அழிச்சதும் நான்தான், திருப்பி எழுதினதும் நான்தான்" என்று நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு புத்தகத்தை எடுத்தார். பிறகு இன்னொன்று. வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"எல்லாரோடதும் இருக்கு. என்னோட சூலம் எங்கே?"

ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் என் வாய் சும்மா இருக்குமா?

"உங்கட பேர் ஒரு அட்டையிலயும் இல்லையே சேர். பதியாமல் எடுத்துக்கொண்டு போனால் நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

கமிட்டி முழுக்கச் சிரித்தது. அவர் கனைத்துக்கொண்டார்.

"சரி, சரி. இனி எழுதிட்டே எடுக்கறேன். நீங்க ரிட்டயர் ஆறவரைக்கும் இங்கேயே இருந்து எங்களை விடப்போறதில்லேன்னு தெரியறது" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். "அந்தப் பென்சிலைக் கொடுங்கோ."

கொடுத்தேன். கையோடு அந்தப் புத்தகத்தின் இரவல் அட்டையையும் உருவி நீட்டினேன்.