அரை மணி முன்னதாக எடுத்த தாள்கள்

எனக்குச் சந்தேகம் வர அதிகம் தேவையில்லை. நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினால் போதும். அன்று நிறுத்தியவர்கள் என் ஆய்வு வழிகாட்டியும், டெல்லி லக்ஷ்மிபாய் நகரிலேயே பிறந்து வளர்ந்த என் ஜூனியர் பெண்ணும். பேசியது இந்தியில். தமிழ்ப் பெண்ணுக்கு இந்தியில் அப்படி என்ன ரகசியம் என்று முனிர்காவில் என் வாடகை அறைக்குப் போகும் வழியெல்லாம் மனம் குடைந்தது.

எங்கள் வேலை, எரிபொருள் கலத்துக்கான கார்பன் தாளில் தண்ணீர் ஊறாதபடி டெஃப்லான் பூசுவது. அந்தக் கலம் ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது தண்ணீரும் உண்டாகும். அதைத் தாள் குடித்துவிட்டால் காற்றுக்கு வழியில்லாமல் கலம் படுத்துவிடும். டெஃப்லான் கரைசலில் சோப்பு மாதிரி ஒன்று கலந்திருக்கும். உலையில் அது எரிந்துபோனால்தான் தாள் தண்ணீரைத் தள்ளும். மாதக் கடைசிக்குள் நல்ல தாள் காட்டாவிட்டால் என் உதவித்தொகை நின்றுவிடும்.

உலை ஒன்றுதான். என் முறைக்கு அடுத்தது அவள் முறை. அரை மணி முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிடுவாள். அவள் கண்ணில் படுவதற்குள் தாள்களை வெளியே எடுத்து என் அலமாரியில் பூட்டிவிடுவேன். அரை மணி குறைந்தால் குடியா முழுகிவிடும்? ஆனால் தண்ணீர்த் துளி விட்டால் தாள் உறிஞ்சிக்கொண்டது. மூன்று முறை. அவள்தான் உலையின் சூட்டைக் குறைத்து வைக்கிறாள் என்று முடிவு கட்டி, வழிகாட்டிக்குப் புகார் எழுதினேன்.

மறுநாள் உலை நோட்டில் அவள் முறை அடிக்கப்பட்டு, அந்த நேரமும் எனக்கே எழுதப்பட்டிருந்தது. புகார் வேலை செய்துவிட்டது என்று அற்ப சந்தோஷம். அன்று அவசரப்படாமல் முழு நேரமும் சுட்டேன். துளி உருண்டு நின்றது. அப்போதுதான் உறைத்தது. சூட்டை யாரும் குறைக்கவில்லை. நான் திருடிக்கொண்ட அரை மணியில்தான் அந்தச் சோப்பு எரிய வேண்டியிருந்தது.

அவள் வராந்தாவில் நின்றிருந்தாள்.

"ஸார் காலையிலே உங்க லெட்டரைக் காட்டினார் அக்கா. நோட்டுல அடிச்சது நான்தான். நீங்க ஜல்தி ஜல்தியா எடுத்துடறீங்க, என் டைமையும் உங்களுக்கே குடுக்கலாமான்னு அன்னிக்கு நீங்க உள்ளே வந்தப்பவே ஸார்கிட்ட கேட்டுட்டிருந்தேன்."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"நம்பியிருப்பீங்களா?" என்றாள். பிறகு, "இப்ப தண்ணி நிக்குதா?"

தலையை ஆட்டினேன்.

"அச்சா" என்று பையை எடுத்துக்கொண்டாள். மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை மேடம் என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிடவேயில்லை.